ஒருக்கத்தான் கேக்கணும்

நடந்ததை நடக்காததாக்கிக்கொள்ளும் வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அதைத் தொடாமல் இருப்பவரைத் துணிச்சல்காரர் என்பதா, பிடிவாதக்காரர் என்பதா? பூமயிலைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்திருக்காது. அதிகம் பக்கத்தில் இருந்தவள் ஹமீதா பானு. முதுகுளத்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, உரக்கடை மாடியில் இருந்த ஒற்றை அறையில் இருவரும் ஆண்டுக்கணக்கில் அருகருகே உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். தொடக்கத்தில் ஹமீதா அதைப் பிடிவாதம் என்றுதான் நினைத்தாள். பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டாள். வேறு எப்படி நினைப்பது என்று மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

பூமயில் பிறந்தது 1974இல், ஊருக்குத் தெற்கே ஆத்திக்கண்மாயில். அப்பா வீரையாவுக்கு மானாவாரி நிலம் உண்டு. மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் ஆடு. பன்னிரண்டாவது முடித்து, டைப்ரைட்டிங்கில் இரண்டு பரீட்சையும் தேறி, இருபது வயதில் கல்யாணமாகி, இரண்டே ஆண்டில் கணவனை இழந்து அப்பா வீட்டுக்குத் திரும்பினாள். சில ஆண்டுகள் மிளகாய்ப் பழம் எடுத்தாள். பிறகு ராமநாதபுரம் போய்வந்து கம்ப்யூட்டர் படித்து, 2002இல் அந்த மாடி அறையைப் பிடித்தாள். பிரவுசிங், டைப்பிங், ஜெராக்ஸ் என்று பலகை. பரீட்சை முடிவு வரும் நாளில் படிக்கட்டு வரை கூட்டம் நிற்கும். மற்ற நாட்களில் மின்விசிறிதான் பேசிக்கொண்டிருக்கும்.

ஹமீதா திருப்பாலைக்குடிக்காரி. வாப்பாவுக்குக் கடலில் தொழில். கட்டிக்கொடுத்த இடம் முதுகுளத்தூர் என்பதால் கடற்கரையை விட்டு வந்தவள். டைப்பிங் வேலைக்குச் சேர்ந்தாள், அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள், அங்கேயே நிலைத்துவிட்டாள்.

விளையாட்டு வந்தது 2005இல். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற முத்தழகு மதுரையிலிருந்து உறையில்லாத ஒரு சிடியைக் கொண்டுவந்து, மிசின் எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கத்தான் என்று சொல்லிப் போட்டுவிட்டுப் போனான். சுட்டுத் தள்ளிக்கொண்டே ஓடுகிற விளையாட்டு இல்லை அது. சதுரங்கம் மாதிரிக் கட்டம் கட்டமான தரை, ஆறு சிப்பாய்கள். நம் முறையில் ஒவ்வொருவரையும் நகர்த்தலாம், சுடச் சொல்லலாம். அப்புறம் எதிரியின் முறை. சுடுவதற்கு முன்னால் குறி படுவதற்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று திரை சொல்லும். நூற்றுக்குத் தொண்ணூறு என்று சொல்லிவிட்டுத் தவறவும் செய்யும். சிப்பாய்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். பத்துச் சண்டை பார்த்தவன் புதிதாக வந்தவனைவிட நன்றாகக் குறி பார்ப்பான். செத்தால் செத்ததுதான், அவன் பெயர் முகாமின் சுவரில் ஏறிவிடும், அவன் இடத்துக்கு ஒன்றும் தெரியாத புதியவன் வருவான்.

ஆனால் அந்தச் சாவுக்கு ஒரு மாற்று இருந்தது. ஆட்டத்தை எந்த நொடியிலும் சேவ் செய்துகொள்ளலாம். சரிப்படவில்லை என்றால் அந்த நொடிக்குத் திரும்பிப் போகலாம்.

ஹமீதா அப்படித்தான் ஆடினாள். ஒரு கதவைத் திறக்கும் முன் சேவ் செய்வாள். உள்ளே எதிரி இருந்து தன் ஆளைச் சுட்டுவிட்டால் திரும்பி வந்து, அடுத்த கதவைத் திறப்பாள். குறி தவறினால் திரும்பி வந்து மறுபடி சுடுவாள். மறுபடியும் தவறும். அந்த விளையாட்டு தன் பகடையை முன்கூட்டியே உருட்டி வைத்திருந்தது. அதே ஆள் அதே இடத்திலிருந்து எத்தனை முறை சுட்டாலும் அதே முடிவுதான். ஹமீதா அதையும் கண்டுபிடித்துவிட்டாள். சம்பந்தமே இல்லாத இன்னொரு சிப்பாயை முதலில் ஓர் அடி நகர்த்திவிட்டு அப்புறம் சுட்டால் முடிவு மாறிவிடும். இந்த வித்தையில் அவளுடைய ஆறு பேரும் கீறல் படாமல் கடைசிக் கட்டம் வரை போனார்கள். அவர்களுக்கு அவள் பெயர்கூட மாற்றவில்லை. விளையாட்டு வைத்திருந்த வெள்ளைக்காரப் பெயர்களே இருந்தன. யார் எந்தச் சண்டையில் என்ன செய்தார்கள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. எல்லாக் கதவுகளையும் ஏற்கெனவே திறந்து பார்த்துவிட்டவள் கையில், கதவைத் திறக்கிற நொடி வெறும் வேலையாகிவிட்டிருந்தது.

பூமயில் ஒரே ஒரு சேவ் வைத்திருந்தாள். கடை சாத்தும்போது எழுதுவாள். மறுநாள் அங்கிருந்து தொடர்வாள். பழையதன் மேலேயே புதியது. யார் செத்தாலும் திரும்பிப் போகமாட்டாள். அவள் விளையாடும்போது ஹமீதா தன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பதுண்டு. ஓர் அடி எடுத்துவைக்க அக்கா எடுத்துக்கொள்ளும் நேரத்தில் கீழே ஒரு பேருந்து வந்து ஆள் ஏற்றிப் போய்விடும். ஆனாலும் அந்த ஓர் அடியைப் பார்க்காமல் எழுந்து போக முடியாது. தன் ஆட்டத்தில் ஹமீதாவுக்கு ஒருநாளும் உள்ளங்கை வேர்த்ததில்லை. அக்காவின் ஆட்டத்தைப் பார்க்கும்போது வேர்த்தது.

இதை வைத்துப் பூமயிலின் ஆட்டம் மேலானது என்று சொல்லிவிட முடியாது. திரும்ப முடியாது என்ற விதி ஆளைத் துணிந்தவராக்கும் என்பார்கள். பாதி நேரம் கோழையாகத்தான் ஆக்குகிறது. அவள் தேறிய ஆட்களைச் சுவருக்குப் பின்னாலேயே வைத்திருந்தாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஊரில் தனக்கு ஆகாதவர்களின் பெயரை வைத்து முன்னால் அனுப்பினாள். பஞ்சாயத்து கிளார்க் இரண்டு முறை செத்தார். மாமியார் வழி உறவு ஒருத்தி ஒரே வாரத்தில் மூன்று முறை.

“இதுக்குப் பேரு வீரமாக்கா?” என்று ஹமீதா கேட்டாள்.

“இல்லடி. மனசாறுறது” என்றாள் பூமயில்.

அந்தப் பட்டாளத்தில் ஒருவனை மட்டும் அவள் மிகவும் பின்னால் வைத்திருந்தாள். ஆங்கில எழுத்தில் தவசி என்று பெயர். எல்லாச் சண்டையிலும் இருந்தான், எல்லாவற்றிலும் பிழைத்தான், பட்டாளத்திலேயே நன்றாகக் குறி பார்க்கிறவனும் அவன்தான். யார் அது என்று ஹமீதா ஒருநாள் மதியம் கேட்டபோது, எங்க வீட்டுக்காரரு என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். அன்றைக்குத்தான் பூக்கேட்ட கதையையும் சொன்னாள்.

ஆத்திக்கண்மாயில் பெரிய காரியம் எதுவானாலும் கண்மாய்க் கரை அய்யனாரிடம் பூக்கேட்டுத்தான் செய்வார்கள். வெள்ளைப்பூ ஒரு பிடி, செவ்வரளி ஒரு பிடி. இரண்டையும் தனித்தனியாகப் பூவரச இலையில் மடித்து வாழைநாரால் கட்டி சாமி முன் போடுவார்கள். கட்டுகிற ஆள் அந்தக் குடும்பமாக இருக்கக் கூடாது. எழுத்தறியாத பிள்ளை ஒன்று பொட்டலத்தை எடுத்துப் பூசாரி கையில் கொடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காமல் விட்ட பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாகும். பூசாரி அதை அப்படியே ஆலமரத்தடியில் போட்டுவிடுவார்.

தவசிக்குப் பூமயிலைக் கொடுக்கலாமா என்று வீரையா கேட்டபோது சிவப்பு வந்தது. இலை கிழிந்திருந்தது, பிள்ளை பார்த்துவிட்டது என்று சொல்லி மறுபடி கட்டச் சொன்னார். மறுபடியும் சிவப்பு. அவருக்கு மாப்பிள்ளையை விட மனமில்லை. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு தேவிபட்டினம் போய், கடலுக்குள் நவக்கிரகமாக நிற்கிற நவபாஷாணக் கற்களைச் சுற்றி, தலை முழுகிவிட்டு வந்து, மனைவி பிறந்த ஊரில் இன்னொரு கோயிலில் கேட்டார். வெள்ளை வந்தது. கல்யாணம் நடந்தது. இரண்டாம் ஆண்டு தவசிக்கு மஞ்சள்காமாலை கண்டது. பச்சிலை கொடுத்துப் பார்த்துவிட்டு ராமநாதபுரம் கொண்டு போவதற்குள் நேரம் கடந்திருந்தது. முதல் பூவிலேயே சாமி சொல்லிருச்சே என்றது ஊர்.

கதை முடிந்ததும் ஹமீதாவின் வாய் அவளுக்கு முந்திக்கொண்டது.

“அப்ப ஒங்க அய்யாவும் என்னைய மாதிரித்தான் ஆடியிருக்காருக்கா. ஒரு ஆள நகத்திட்டு வந்து திரும்பச் சுட்டிருக்காரு.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பூமயில் சிரித்தாள். அப்ளிகேசன் நிரப்பிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமா, தேவிபட்டினம் வரைக்கும்ல நகத்தினாரு என்றாள். அப்புறம் சொன்னாள்:

“அந்த ரெண்டு வருசமும் நல்லாத்தான் இருந்தோம் பானு. அத ஒருத்தரும் சொல்லமாட்டாக.”

ஹமீதா இதை வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தாள். அப்பா மூன்றாம் முறை கேட்டிருக்காவிட்டால் அந்த இரண்டு ஆண்டுகள் இல்லை. அப்படியென்றால் திரும்பக் கேட்பதில் அக்காவுக்கு என்ன கோபம்? மறுநாள் அதைக் கேட்டபோது பூமயில், கோவம்லாம் ஒண்ணுமில்ல, கேட்டா ஒருக்கத்தான் கேக்கணும் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஜெராக்ஸ் மிசினுக்கு மை போட எழுந்து போனாள்.

அந்த விதியில் அவள் எவ்வளவு தூரம் போவாள் என்பதை மின்வெட்டு காட்டியது. சண்டை நடுவே மின்சாரம் போனால் ஆட்டம் பழைய சேவுக்குத் திரும்பிவிடும். அன்று செத்தவர்கள் தாமாகவே பிழைத்து நிற்பார்கள். முதல் முறை இப்படிப் பிழைத்தவன் பெயர் கூத்தையா. ஹமீதாவுக்குச் சந்தோசம். பூமயில் முகாமுக்குப் போய்க் கூத்தையாவைப் பட்டாளத்திலிருந்தே நீக்கிவிட்டாள். கரண்டு போனதுக்கு அவன் என்னக்கா செய்வான் என்று ஹமீதா கேட்டாள். செத்தத நான் பாத்துட்டேன்ல என்றாள் அவள். இதில் நியாயம் இருந்ததா என்பது வேறு விசயம். விளையாட்டே கேட்காத கண்டிப்பை அவள் தன்மேல் போட்டுக்கொண்டாள். அதில் கொஞ்சம் கர்வமும் இருந்திருக்கலாம்.

2007 ஐப்பசியில், மழை இருட்டிக்கொண்டு நின்ற ஒரு முற்பகலில், தவசி செத்தான். சுவருக்குப் பின்னால் இருந்தவனை அவளே வெளியே கொண்டுவந்தாள். வேறு வழியில்லாத கட்டம் அது. எதிரியின் குறி படுவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. பட்டுவிட்டது. பெயர் சுவரில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் பூமயில். அவள் அடுத்த ஆளை நகர்த்தக் கை வைத்தபோது இடி இடித்து, மின்சாரம் போய்விட்டது.

மாலையில் திரும்ப வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும் முகாமில் தவசி நின்றுகொண்டிருந்தான், உடம்பில் ஒரு கீறல் இல்லாமல்.

பூமயில் அவனை நீக்கவில்லை. சண்டைக்கும் எடுத்துக்கொள்ளவில்லை. மற்ற ஐந்து பேருடன் புதியவன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ சண்டைகள் வந்தன. முகாமின் பட்டியலில் தவசி கடைசிப் பெயராக, நல்ல உடம்போடு, எதற்கும் அழைக்கப்படாமல் இருந்தான். அதைப் பற்றி ஹமீதா கேட்கவில்லை. கேட்கக்கூடிய விசயமாக அது தெரியவில்லை.

முத்தழகுவின் பேச்சு எழுந்தது அதற்கடுத்த தையில். பரமக்குடிப் பக்கத்துக்காரன். தங்கைகளைக் கரையேற்றுவதிலேயே நாற்பதை நெருங்கிவிட்டவன். அதிகம் பேசமாட்டான். மிசினைக் கழற்றினால் ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிய வரிசையில் மேசையில் அடுக்கி வைப்பான். பழுது பார்க்கும் முன் எல்லாவற்றையும் இன்னொரு இடத்தில் நகல் எடுத்துவிட்டுத்தான் கை வைப்பான். அவனும் அந்த விளையாட்டைச் சேவ் செய்து சேவ் செய்துதான் ஆடுவான் என்று ஹமீதாவுக்குத் தெரியும். பூமயிலின் பிடிவாதத்தைப் பற்றி அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். இந்தம்மா மிசின்ல ஒரு ஃபைல் போச்சுன்னா என்னைக் கூப்பிடாதீங்க என்றான். பூமயில் அதைக் கேட்டு, தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

அக்காவின் மனது ஹமீதாவுக்கு ஒரு மவுசால் தெரிந்தது. மவுசு கெட்டுப்போச்சு என்று முத்தழகுவுக்குப் போன் போனது. கெட்டுப்போன மவுசை ஹமீதா தற்செயலாகத் தன் மிசினில் செருகிப் பார்த்தாள். நன்றாக ஓடியது. எதுவும் சொல்லாமல் கழற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

முத்தழகு நேராக ஆத்திக்கண்மாய்க்குப் போய் வீரையாவிடம் கேட்டான். வீரையாவுக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்ணைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விடுவோமோ என்ற ஒரே கவலையில் இருந்த மனிதர். மகளைக் கேட்டார். அவள் சம்மதம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

“பூக்கேளுங்கய்யா. ஒருக்கத்தான் கேக்கணும். எது வந்தாலும் அதோட விட்ரணும். பூவ பானு கட்டட்டும்.”

ஆக, ஒரு சின்னப்பிள்ளையின் கை எந்தப் பக்கம் போகிறது என்பதில் வந்து நின்றது அவள் கல்யாணம். நூற்றுக்கு ஐம்பது.

பூமயில் பேப்பர் கட்டு வாங்க ராமநாதபுரம் போயிருந்த நாளாகப் பார்த்து வீரையா மாடி ஏறி வந்தார். படியில் மூச்சு வாங்கி, உட்கார்ந்து, மூக்குப்பொடி மட்டையை எடுத்து ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டார். பிறகு, கேட்க வந்ததைச் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“தாயி, ரெண்டுலயும் வெள்ளையவே வச்சுக் கட்டிரு.”

ஹமீதா டைப் அடிப்பதை நிறுத்தினாள்.

“சாமி குத்தமாயிராதா பெரியய்யா?”

“ஆச்சுன்னா எனக்கு ஆகட்டும். நான் சொல்லித்தான நீ கட்டுற. ஒனக்கும் எங்க அய்யனாருக்கும் ஒரு வழக்கும் கெடையாதுல்ல.”

“அய்யனாரோட இல்ல பெரியய்யா. அக்காவோட இருக்குல்ல.”

கீழே பேருந்து ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. அது போன பிறகு கிழவர் சொன்னார்.

“அன்னைக்கு மூணுவாட்டி கேட்டவன் நானு. இன்னொருவாட்டி கேக்க அவ விடமாட்டா. செவப்பு வந்துச்சுன்னா எந்திரிச்சு நேரா இங்கன வந்து மிசினத் தொறந்துட்டு ஒக்காந்துருவா. ஒரு சொல் சொல்லமாட்டா. ஒனக்குத் தெரியுமா தெரியாதா?”

ஹமீதாவுக்குத் தெரியும். முகாமில் நிற்கும் தவசியைப் போல முத்தழகுவும் ஒரு பட்டியலின் கடைசியில் நின்றுவிடுவான். மவுசுகள் கெட்டுப்போவதும் நின்றுவிடும். கிழவர் இறங்கிப் போன பிறகு அவள் வேலை செய்வதுபோல் உட்கார்ந்திருந்தாள். ஒழுங்காகக் கட்டினால் அக்காவின் வாழ்க்கை ஒரு பிள்ளையின் விரலில். இரண்டிலும் வெள்ளை வைத்தால், ஒருநாள் தெரியவந்தால், அக்கா தன்னைப் பட்டாளத்திலிருந்து நீக்கிவிடுவாள். அவள் இதுவரை திறந்த கதவுகளில் எல்லாம் திரும்பி வர வழி இருந்தது. உம்மாவிடம் யோசனை கேட்கலாமென்றால், கோயிலுக்குப் பூக்கட்டுகிறாயா என்று அங்கேயே பேச்சு முடிந்துவிடும். பொறுப்பு அவளுடையதாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பேருந்து நிலையத்துப் பூக்கடையில் மல்லிகை வாங்கினாள். செவ்வரளிக்கு எங்கும் போகவில்லை. பூவரச இலை இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி மல்லிகை. நாரை இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

கண்மாய்க் கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஹமீதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆலமரத்தடியில் நின்றாள். பூசாரி மலையாண்டி பொட்டலங்களை வாங்கிச் சாமி முன் போட்டார். சாம்பிராணிப் புகையில் அய்யனாரின் குதிரைக் கால்கள் மட்டும் தெரிந்தன. பூமயில் ஓரமாகக் கையைக் கட்டி நின்றாள். குறி பார்க்கும் கட்டத்தில் திரையின் முன் எப்படி இருப்பாளோ அதே முகம். பூசாரியின் பேத்தி, பேச்சு இன்னும் திருந்தாத பிள்ளை, ஒன்றில் கை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, மற்றதை எடுத்துக்கொண்டு வந்தாள். கூட்டம் மூச்சைப் பிடித்தது. ஹமீதாவும் பிடித்தாள், எதற்கென்று அவளுக்கே விளங்கவில்லை.

மலையாண்டி நாரைப் பிரித்தார். வெள்ளை. பெண்கள் குலவையிட்டார்கள். வீரையா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பூசாரி இலையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சற்றே முகம் சுளித்தார்.

“மல்லியப்பூவா வச்சுக் கட்டுன? நந்தியாவட்டைதான் வைக்கிறது. வாசம் காட்டிக் குடுத்துரும்னுதான் மல்லி ஆகாது. சரி, கடக்கரைப் பிள்ள, ஒனக்கென்ன தெரியும். வந்தது வந்துருச்சு.”

வெள்ளைப்பூ என்று மட்டும்தான் எல்லாரும் ஹமீதாவிடம் சொல்லியிருந்தார்கள். எந்த வெள்ளை என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஊரில் அது சொல்லித் தெரியவேண்டிய விசயமில்லை. சாமி முன்னால் இன்னொரு பொட்டலம் கிடந்தது. அரளி இருப்பதாக எல்லாரும் நம்புகிற பொட்டலம். அரளிக்கு மல்லிகை வாசமில்லை. இந்தப் பொட்டலமோ பிரிக்காமலேயே மல்லிகை மணக்கும்.

பூசாரி எப்போதும்போல் அதை எடுத்து மரத்தடியில் போடுவதற்குள் பூமயில் முன்னே வந்து குனிந்து எடுத்துவிட்டாள்.

“அதப் பிரிக்கக் கூடாது தாயி” என்றார் மலையாண்டி.

“பிரிக்கல” என்றாள்.

சாமி முன் இருந்த எதையும் எடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வது வழக்கம். இரண்டு உள்ளங்கையிலும் பொட்டலத்தை ஏந்தி முகத்துக்குக் கொண்டுபோனாள். கொண்டுபோன கைகள் அங்கேயே நின்றன. ஒற்றிக்கொள்வதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. பொடி போட்டுப் போட்டு மூக்கு மரத்துப்போன வீரையா ஒன்றும் அறியாமல் துண்டுக்குள் முகம் புதைத்தபடியே நின்றார். பூமயில் கைகளை இறக்கி, மரத்தடியில் நிற்கிற ஹமீதாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. நன்றி என்றும் சொல்ல முடியாது. நூற்றுக்கு இத்தனை என்று திரையில் வரும் எண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

இரண்டும் ஒரே பையில் வந்தவை, வாசம் ஒட்டியதாக அக்கா நினைத்திருக்கலாம் என்று ஹமீதா பிற்பாடு தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் கைப்பிடி மல்லிகைக்கும் ஒட்டிய வாசத்துக்கும் வித்தியாசம் தெரியாதவளில்லை பூமயில். இதைப் பற்றி அவர்களுக்குள் பேச்சு வரவே இல்லை. அடுத்த ஆண்டு கடையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியபோதும், முத்தழகு வந்து மிசின்களை இறக்கி வைத்தபோதும், இருவரும் தனியாக இருந்து பல நாள் மதியம் சாப்பிட்டபோதும் வரவில்லை.

அன்றைக்கு அவள் செய்தது இதுதான். பொட்டலத்தை மரத்தடியில் போடவில்லை, பூசாரியிடமும் கொடுக்கவில்லை. நார் அவிழாமல் அப்படியே முந்தானையில் வைத்து முடிந்துகொண்டாள். பிறகு அப்பாவிடம் போய், அவர் முகத்திலிருந்த துண்டை விலக்கிவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, “தேதி பாருங்கய்யா” என்றாள்.